கடை நம்பருக்கு வந்த குறுந்தகவல்

கொட்டகலை நகரில், ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பிரதான வீதியோரமாக வாப்பாவின் கடை இருக்கிறது. அரிசி, மா, சீனி, பாடசாலைக் கொப்பி, போன் ரீலோட் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கும் சிறிய கடை. ட்ரேட்டன், ரொசிட்டா, ஸ்டோனிகிளிஃப் ஆகிய தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் மக்களே எங்கள் வாடிக்கையாளர்கள். கடை மேசையில் ஒரு பழைய போன் இருக்கும். அந்த இலக்கம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. வைத்தியசாலையிலோ வேறு அலுவலகத்திலோ "போன் நம்பர் என்ன?" என்று கேட்டால், தோட்டத்து மக்களில் சிலர் எங்கள் கடை இலக்கத்தைச் சொல்லிவிட்டு வருவார்கள். பிறகு வாப்பாவிடம், "நானா, ஏதாச்சும் மெசேஜ் வந்தா சொல்லுங்க" என்பார்கள். வாப்பா ஒருவரையும் மறுத்ததில்லை.

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நான் கடையில் நின்றிருந்தபோது அந்தப் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுந்தகவல் வந்தது. ஒரு வைத்தியசாலையின் கண் கிளினிக் இரண்டு நாட்களில் நடைபெறாது, அடுத்த கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது என்பதே அதன் சாரம். யாருக்கான தகவல் என்பதும் எனக்குத் தெரியும். மேல் டிவிஷனில் இருக்கும், கண்ணில் வெண்படலம் விழுந்து சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பாட்டிக்கு வந்தது அது. வாப்பா வந்ததும் சொல்லலாம் என்று போனை வைத்தேன். அதற்குள் கடையில் கூட்டம் வந்தது. சொல்ல மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பாட்டி மருமகளுடன் விடியற்காலையில் பஸ் ஏறிப் போய், மூடியிருந்த கிளினிக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். துணைக்குப் போன மருமகளுக்கு அன்றைய பேர் இல்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். 2024ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தோடு இருவருக்குமான பஸ் காசும் போனது. மாலையில் அவர்கள் கடைக்கு வந்தபோது நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மருமகளான அந்த அக்கா கோபப்படவில்லை.

"பரவால்ல பாப்பா. அது எங்க நம்பரு இல்லையே" என்றார்.

அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. வைத்தியசாலை தன் கடமையைச் செய்திருந்தது. குறுந்தகவலை நேரத்துக்கே அனுப்பியிருந்தது. அதன் பதிவில் "நோயாளிக்கு அறிவிக்கப்பட்டது" என்றே இருக்கும். ஆனால் நோயாளிக்கு எதுவும் தெரியாது. நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. எனினும் ஒரு பாட்டியின் கண், கடையில் நிற்கும் ஒரு பிள்ளையின் ஞாபகத்தில் தங்கியிருக்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வியும் உண்டு. அதற்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

டிஜிட்டல் சுகாதார சேவை என்றால் என்ன?

பெயர் பெரிதாக இருந்தாலும் விடயம் நமக்குப் புதிதல்ல. நம் வீடுகளில் "டொக்டரை செனல் பண்ணியாச்சா?" என்று கேட்கிறோம். 2000ஆம் ஆண்டளவிலேயே இலங்கையில் கணினி வழியாக விசேட வைத்தியரைச் சந்திக்க நேரம் ஒதுக்கும் சேவை தொடங்கிவிட்டது. இன்று அதைக் கையடக்கத் தொலைபேசியிலேயே செய்கிறோம். வீட்டிலிருந்தபடி வீடியோ அழைப்பில் வைத்தியருடன் பேசுவது, இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் போனில் பெறுவது, கிளினிக் திகதியைக் குறுந்தகவலில் அறிவது, வைத்தியசாலையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் இலக்கம் வழங்கி அவரது சிகிச்சை விபரங்களைக் கணினியில் வைத்திருப்பது ஆகிய எல்லாம் டிஜிட்டல் சுகாதார சேவைகளே.

இதிலே எமது நாடு பின்தங்கிய நாடல்ல. 2020 ஜனவரியில் கொவிட்-19 பரவத் தொடங்கிய உடனேயே, நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பதிவு செய்து கண்காணிப்பதற்கான கணினி முறையொன்றை இலங்கை நிபுணர்கள் உருவாக்கினார்கள். 'டி.எச்.ஐ.எஸ்.2' என்னும் இலவச மென்பொருளின் மீது அமைக்கப்பட்ட அம்முறை பின்னர் வேறு பல நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. ஆகவே அறிவும் ஆற்றலும் நம்மிடம் இருக்கின்றன.

இச்சேவைகளால் நன்மை இல்லை என்றும் எவரும் சொல்ல முடியாது. கொட்டகலையிலிருந்து ஒரு விசேட வைத்தியரைப் பார்க்க நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போக வேண்டிய நோயாளிக்கு, பாதிப் பயணத்தைப் போன் குறைக்குமானால் அது பெரிய உதவி. தூரத்தில் இருப்பவருக்கே இச்சேவை அதிகம் பயன்பட வேண்டும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை.

ஆளுக்கொன்று என்ற கணக்கு

டிஜிட்டல் சேவை யாரையும் வாசலில் நிறுத்தி "நீ வராதே" என்று சொல்வதில்லை. ஆனால் அதை அமைப்பவர்கள் தம் மனதில் ஒரு நோயாளியை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நோயாளிக்குச் சொந்தமாக ஒரு போன் இருக்கும். அவர் வீட்டில் சிக்னல் இருக்கும். வரும் செய்தியை வாசிக்கும் மொழியறிவு இருக்கும். இலக்கமிட்ட வீட்டு முகவரியும் அடையாள அட்டையும் இருக்கும். பகலில் போனைப் பார்க்க நேரமும் இருக்கும். எல்லாம் ஆளுக்கொன்று என்ற கணக்கு அது. தோட்டத்திலோ இவற்றில் பல, பலருக்குப் பொதுவானவை. சில வேறொருவரின் கையில் இருப்பவை. ஏற்றத்தாழ்வு பிறக்கும் இடம் இதுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, போன். பல லயன் வீடுகளில் போன் இருக்கிறது. ஆனால் திறன்பேசி ஒன்றுதான் இருக்கும். அது பெரும்பாலும் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். கொழுந்து பறிக்கும் தாயிடம் இருப்பது, இருந்தால், பட்டன் போன். செயலியை நிறுவ அதில் இடமில்லை. மகன் கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ இருந்தால் போனும் அவருடன் கொழும்பில் இருக்கும். தாயின் கிளினிக் செய்தியும் அங்கேதான் போய்ச் சேரும்.

இரண்டாவது, சிக்னலும் டேட்டாவும். மலை நாட்டில் ஒரு மேடு சிக்னலைத் தரும். அடுத்த பள்ளம் அதை விழுங்கிவிடும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது வட்ஸ்அப்பில் வந்த பாடத்தைப் பெறுவதற்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் மரத்தடிக்கும் ஏறிப்போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். பிள்ளை ஏறுவாள். மூட்டு வலியுள்ள பாட்டி வீடியோவில் வைத்தியரிடம் பேச மலை ஏற முடியுமா? டேட்டாவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. எங்கள் கடையில் மிகச் சிறிய தொகைக்கு ரீலோட் செய்து, அதையும் பேசுவதற்காக மட்டும் வைத்துக்கொள்பவர்களை நான் நாள்தோறும் காண்கிறேன்.

மூன்றாவது, எழுத்தறிவும் மொழியும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவைப் பற்றிய அளவீடுகளை நடத்துகிறது. அதில் நகரம், கிராமம், தோட்டம் என்று நாடு மூன்றாகப் பிரித்துப் பார்க்கப்படும். 5 முதல் 69 வயது வரையானவர்களில் தாமாகவே கணினியைப் பயன்படுத்தக்கூடியவர் எவரோ அவர் கணினி அறிவுடையவர். ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் தானாக விளையாடினாலும் அப்பிள்ளை அந்தக் கணக்கில் சேரும். அவ்வளவு எளிய அளவுகோலிலும் தோட்டத்துறையே மூன்றிலும் கீழே நிற்கிறது.

மொழி இன்னொரு சிக்கல். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியானது. ஆனால் கடைப் போனுக்கு வரும் குறுந்தகவல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருவதையே நான் காண்கிறேன். தமிழை நன்றாக வாசிக்கும் தாய்கூட அச்செய்தியின் முன்னே எழுத்தறியாதவராகிவிடுகிறார். அவருக்குக் கல்வி இல்லை என்று சொல்வது நியாயமல்ல. செய்தியே அவருடைய மொழியில் வரவில்லை.

நான்காவது, முகவரியும் அடையாளமும். நகரத்து வாசகருக்கு இது வியப்பாக இருக்கலாம். லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனித் தபால் முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கே கடிதம் வரும். தோட்ட அலுவலகத்திலிருந்து அது பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு காலத்தில் அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக் நோயாளருக்கு மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. மிக நல்ல ஏற்பாடு அது. ஆனால் "வீடு" என்பதற்கு ஓர் இலக்கம் வேண்டுமல்லவா? லயனில் வரிசையாக இருக்கும் அறைகளில் எது யாருடையது என்பது அங்கே வாழ்பவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

அடையாள அட்டையின் கதை இன்னும் நீண்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, திகதிப் பிழை என்று அடையாள அட்டை பெறுவதில் அலைந்தவர்கள் முதியோரில் இன்றும் இருக்கிறார்கள். சிம் அட்டை வாங்கவும் அடையாள அட்டை வேண்டும். ஆகவே ஒருவர் தமது சிம்மை இன்னொருவர் பெயரில் வாங்கி வைத்திருப்பதும் நடக்கிறது. அப்படியானால் "உங்கள் இலக்கத்துக்குக் கடவுச்சொல் அனுப்பியுள்ளோம்" என்ற வாசகத்துக்கு அவரைப் பொறுத்தவரை என்ன பொருள்?

ஐந்தாவது, நேரம். காலையில் பெரட்டு, பிறகு மலை, மாலையில் கொழுந்து நிறுத்தல் என்று தோட்டத்துப் பெண்ணின் நாள் ஓடுகிறது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் கிடைக்கும். முற்பகல் பத்து மணிக்கு வைத்தியரின் வீடியோ அழைப்பு வருமென்றால் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கே போய் நிற்பது? அலுவலகத்தில் இருப்பவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிடுவார். இவருக்கு அந்த அழைப்பு ஒரு நாட்சம்பளத்தின் பாதி.

தேவை அதிகமுள்ள இடத்தில்

இந்த ஐந்து தடைகளும் சிறு தொகையினருக்கு மட்டும்தானே என்று ஒருவர் நினைக்கலாம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மக்கள்தொகையில் 4.4 சதவீதத்தினரே தோட்டத்துறையில் வாழ்ந்தார்கள். தொகை சிறிது, ஆனால் தேவை பெரிது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 17 சதவீதம். தோட்டத்துறையில் அது சுமார் 32 சதவீதம். அதாவது மூன்று பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு பிள்ளை.

மருத்துவம் மிக அதிகமாகத் தேவைப்படும் மக்களுக்கே நல்ல மருத்துவம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற கருத்தை 1971இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். அதற்கு அவர் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று பெயரிட்டார். அவர் பெரிய நகரத்து வைத்தியர் அல்லர். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர். சுரங்கக் கிராமத்தில் அவர் கண்டதைத் தேயிலை மலையில் நாம் காண்கிறோம். அன்று வைத்தியர் இருக்கும் இடம் தூரமாக இருந்தது. இன்று அத்தோடு போனும் டேட்டாவும் மொழியும் சேர்ந்துகொண்டன.

இது நேற்று வந்த பிரிவினையும் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில், 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் போன்றவற்றின் மூலம் தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் தனியாக வைக்கப்பட்டது. நாட்டின் ஏனைய மக்களுக்கு அரசாங்க வைத்தியசாலை. தோட்டத்துக்குத் தோட்ட டிஸ்பென்சரி. 1990களில்தான் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. பழைய வேலியைப் பிரிக்கும் வேலை முடிவதற்கு முன்பே புதிய வேலி ஒன்று எழும்பிவிடக் கூடாது என்பதே எனது கவலை.

வீட்டுக்குள் இருக்கும் தடை

மாணவிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஒரு வீட்டில் ஒரே போன் இருந்தால், அதில் வரும் செய்தி அந்த வீட்டில் எல்லோருக்கும் உரியதாகிவிடும். காய்ச்சலுக்கு அது பிரச்சினையில்லை. மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பம், மார்பில் ஒரு கட்டி, மனச்சோர்வு என்று வரும்போது? மகனின் போனுக்குத் தன் பரிசோதனை முடிவு வருவதை எந்தத் தாய் விரும்புவாள்? "நம்பர் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

கடையில் நானே இதைக் கண்டிருக்கிறேன். ஓர் இளம் தாய் போனை என்னிடம் நீட்டி, "பாப்பா, நீயே வாசி, முதலாளிகிட்ட குடுக்க வேணாம்" என்றார். அது ஒரு பெண்கள் கிளினிக்கிலிருந்து வந்த தகவல். மெதுவாக வாசித்துச் சொன்னேன். அவர் வாப்பாவிடம் வெட்கப்பட்டதில் பிழையில்லை. என்னிடம் அதை வாசிக்கக் கொடுக்க நேர்ந்ததும் அவருடைய விருப்பத்தால் அல்ல. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் கடமை என்று படிக்கிறோம். அந்த இரகசியம் இங்கே ஒரு சில்லறைக் கடை மேசையில் திறக்கப்படுகிறது.

மற்றவர்கள் கற்ற பாடம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மதிப்பீட்டின்படி 2024இல் உலகில் 260 கோடி மக்கள் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள். இந்தியாவில் நடந்த ஒரு சம்பவம் நமக்குப் பாடமாகும். 2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயது வரையானோருக்குக் கொவிட் தடுப்பூசி வழங்கத் தொடங்கியபோது, 'கோவின்' என்னும் இணையத்தளத்தில் பதிவு செய்தே வரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. வேகமான இணையமும் பழகிய விரலும் உள்ளவர்கள் இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். நகரத்தவர் சிலர் தூரக் கிராமத்து நிலையங்களிலும் நேரம் ஒதுக்கிக் காரில் போய் ஊசி போட்டுக்கொண்டதாகவும் அப்போது செய்திகள் வந்தன. அக்கிராமத்தவரோ தம் ஊர் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே 24ஆம் திகதி அரசாங்க நிலையங்களில் நேரில் வந்தும் பதிவு செய்யலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. மே 31இல் இந்திய உச்ச நீதிமன்றமும் டிஜிட்டல் இடைவெளியைச் சுட்டிக்காட்டி அரசாங்கத்திடம் கேள்வி எழுப்பியது. ஜூன் மாதத்தில்தான் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் அத்தளம் கிடைத்தது. ஊசி எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், அதற்கான வாசல் ஒரு சாராருக்கு மட்டும் திறந்திருந்தது என்பதே இதன் சாரம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதி தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சீனி வருத்தமும் பார்த்து மாத்திரைகளையும் கொடுக்கிறார்கள். அங்கே நோயாளியிடம் போன் இருக்க வேண்டியதில்லை. கணினிப் பதிவு தேவையென்றால் அந்த வேலை சுகாதார ஊழியருடையது, நோயாளியுடையதல்ல. சுமை யார் தோளில் என்பதுதான் இந்த இரண்டு திட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசம்.

நம் நாட்டிலும் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அதுதான் 1990 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் சேவை. 2016 ஜூலையில் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கி, பிறகு மேலும் 209 வண்டிகளுடன் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் அதற்கென்று தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன் பின்னணியில் கணினியும் வரைபடமும் இருக்கின்றன, செயலியும் இருக்கிறது. ஆனால் நோயாளிக்குத் தேவை ஒரு சாதாரண போன் மட்டும். நான்கு இலக்கங்களை அழுத்தினால் போதும். கட்டணமில்லை. மூன்று மொழிகளிலும் பேசலாம். பட்டன் போனில் இருந்தும் அழைக்கலாம். பக்கத்து வீட்டார் போனில் இருந்தும் அழைக்கலாம். டிஜிட்டல் கருவி சேவையாளரிடம் இருக்கிறது. நோயாளியிடம் கேட்கப்படுவது அவருடைய குரல்தான். எனினும் இங்கும் முகவரிச் சிக்கல் தலைகாட்டும். "எந்த லயன், எந்தப் பாதையால் வர வேண்டும், வண்டி எது வரைக்கும் வரும்" என்பதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். வண்டி வரமுடியாத இடத்தில் நோயாளியை வீதி வரை தூக்கி வரவும் ஆட்கள் வேண்டும்.

இந்த உதாரணங்களிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான்: ஒரு டிஜிட்டல் சேவை நல்லதா என்பதை அது எவ்வளவு செய்கிறது என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது. நோயாளியிடம் எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், டிஜிட்டல் வழிமுறைகள் ஒழுங்காக இயங்கும் சுகாதார சேவைக்கு மாற்றீடு ஆகா என்றே வலியுறுத்தியது.

செய்யக்கூடியவை

அரசாங்கமும் வைத்தியசாலைகளும் செய்யக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். நோயாளி விரும்பும் மொழி எது என்று பதிவு செய்யும்போதே கேட்டு, அம்மொழியில் செய்தி அனுப்பலாம். வாசிக்க முடியாதவருக்குக் குறுந்தகவலுக்குப் பதிலாகத் தமிழில் பேசும் அழைப்பு வரலாம். "இது உங்கள் சொந்த இலக்கமா, வேறொருவருடையதா?" என்ற ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்கலாம், வேறொருவருடையது என்றால் நோயின் பெயரின்றித் திகதியை மட்டும் அனுப்பலாம். கிளினிக் மாற்றப்படும்போது தோட்டத்துக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்கும், தோட்ட டிஸ்பென்சரிக்கும், பிள்ளைக்காம்பரா பொறுப்பாளருக்கும் ஒரு தகவல் கொடுக்கலாம். லயன் அறைகளுக்கு இலக்கமிட்ட முகவரி கொடுப்பதும் சுகாதார வேலைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, போன் இல்லாமல் வருபவருக்கென்று ஒரு வரிசையும், ஒரு காகித அட்டையும், பதில் சொல்ல ஒரு மனிதரும் எப்போதும் இருக்க வேண்டும்.

அன்புத் தோழியரே, நமக்கும் வேலை இருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் உம்மாவின் போனுக்கும் உம்மும்மாவின் போனுக்கும் பொறுப்பாளர்கள். செயலியை நாமே திறந்து, நாமே அழுத்தி, "சரி, முடிந்தது" என்று கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறையும் அவர்கள் நம்மையே தேட வேண்டியதாகிறது. பொறுமையாக அருகில் அமர்ந்து அவர்கள் விரலாலேயே செய்ய வைப்போம். வாசித்துச் சொல்லும்போது ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வோம். கேட்ட இரகசியத்தை நம்மோடு வைத்துக்கொள்வோம். அது நம்மிடம் வந்த அமானிதம். பெற்றோரே, வீட்டில் உள்ள பெண்களுக்கும் சொந்தமாக ஒரு இலக்கம் இருக்கட்டும். பட்டன் போனாக இருந்தாலும் போதும். அதை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம்.

அந்தப் பாட்டி அடுத்த கிழமை மறுபடியும் போனார். இம்முறை முதல் நாள் மாலையே நான் மேல் டிவிஷன் வரை நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது கடையில் போனுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. வந்த செய்தி, யாருக்கு, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று நான்கு கோடுகள் போட்டிருக்கிறேன். நான் விடுதிக்குத் திரும்பிய பிறகு தம்பி அதை எழுதுகிறான். விடுமுறையில் போனால் முதலில் அந்தக் கொப்பியைத்தான் புரட்டுவேன்.

அது பெரிய சாதனை அல்ல என்பது எனக்குத் தெரியும். கடை ஒரு நாள் பூட்டியிருந்தால் கொப்பியும் பூட்டப்பட்டே இருக்கும். என் ஆசை, அந்தக் கொப்பிக்கு வேலை இல்லாமல் போக வேண்டும் என்பதுதான். அந்த அக்கா கிளினிக்கில் "நம்பர் என்ன?" என்ற கேள்விக்குத் தம் சொந்த இலக்கத்தைச் சொல்லும் நாளில், அதற்குத் தமிழில் ஒரு செய்தி வந்து அதை அவரே வாசிக்கும் நாளில், நான் அந்தக் கொப்பியைச் சந்தோஷமாக மூடி வைப்பேன்.